தைராய்டு கண்நோயும் மூடாத இமையும்

கோத்தகிரியில் இருக்கும் என் அக்காவுக்குத் தைராய்டு கண்நோய் என்று தெரிந்தபின், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவர் கண்கள் பிதுங்கியிருப்பதைப் பற்றியே பேசினார்கள். கோயம்புத்தூரில் அவரைப் பரிசோதித்த மருத்துவரோ, தூங்கும்போது இமைகள் முழுவதும் மூடுகின்றனவா என்றுதான் முதலில் கேட்டார். தூங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்? அத்தான்தான் பதில் சொன்னார்: இரண்டு கண்களிலும் கீழே ஒரு கீற்று வெள்ளை தெரிகிறதாம்.

அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835ஆம் ஆண்டில் விவரித்த தைராய்டு நோயோடு பெரும்பாலும் சேர்ந்து வருவது இது. உடலின் எதிர்ப்புச் சக்தி கண்குழியில் உள்ள கொழுப்பையும் தசைகளையும் தாக்குவதால் அவை வீங்குகின்றன. எலும்பாலான குழி விரிந்து கொடுக்காததால் விழி முன்னே தள்ளப்படுகிறது. மேலிமையும் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. இவற்றின் சுமை முழுவதும் கருவிழியின் மேல், அதாவது அரை மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள, ரத்தக்குழாய்களே இல்லாத, கண்ணீரின் வழியே காற்றிலிருந்து ஆக்சிஜன் பெறுகிற அந்தக் கண்ணாடி போன்ற படலத்தின் மேல் விழுகிறது. சாதாரணமாக நாம் கண்ணை மூடும்போது விழி மேல்நோக்கிச் சுழன்று கருவிழி இமைக்குள் ஒளிந்துகொள்ளும். இந்நோயில் விழியின் அடித்தசை இறுகிவிட்டால் அந்தச் சுழற்சியும் தடைபட்டு, கருவிழியின் கீழ்ப்பகுதி இரவெல்லாம் திறந்தே கிடக்கும். கண்ணீர்ச் சுரப்பியும் அழற்சிக்கு ஆளாவதால் வறட்சி கூடுகிறது. உலர்ந்த கண்ணில் நீர் வழிவது முரணாகத் தோன்றினாலும், அது உறுத்தலுக்குக் கண் காட்டும் எதிர்வினைதான். சாயச் சொட்டு விட்டு நீல ஒளியில் பார்த்தபோது, அக்காவின் கருவிழியின் கீழ்ப்பகுதியில், உலர்ந்து புண்பட்ட இடங்களைக் காட்டும் பச்சைப் புள்ளிகள் ஒளிர்ந்தன.

நீலகிரியின் உறைபனி மாதங்கள் இதற்கு உதவுவதில்லை. வறண்ட காற்றும், மூடிய அறைக்குள் கணப்பின் புகையும் அவரை மிகவும் வருத்தின. கணப்பை எடுத்துவிட்டு இன்னொரு கம்பளி வாங்கினோம். பகலில் பதனப்பொருள் சேராத கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, அதன்மேல் இமையை மூடி ஒட்டும் நாடா என்பதே முறை. புகைபிடித்தல் இந்நோயைத் தெளிவாக மோசமாக்கும் என்பதால் அத்தான் பீடியைத் தோட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். முழுவதும் விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

தைராய்டு மாத்திரையால் ரத்தத்தில் ஹார்மோன் அளவு சீரானாலும் கண் தன் போக்கிலேயே போகலாம். தைராய்டின் மிகைச் சுரப்பை அடக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் சிலருக்குக் கண்நோயைக் கூட்டும் என்பதால், அதற்கு முன்பே கண் மருத்துவரின் கருத்தைக் கேட்பது அவசியம். அழற்சி தீவிரமாக இருக்கும்போது வாரம் ஒருமுறை வீதம் 12 வாரங்களுக்கு ஸ்டீராய்டு மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவது வழக்கம். ஆனால் ஸ்டீராய்டைச் சொட்டாகத் தாமே வாங்கி விட்டுக்கொள்வது ஆபத்தானது. புண்பட்ட கருவிழியில் கிருமித் தொற்றை அது வளரவிடும், கண்ணழுத்தத்தையும் ஏற்றும். அமெரிக்காவில் 2020 ஜனவரியில் அனுமதி பெற்ற டெப்ரோடுமுமாப் என்ற மருந்து, விழிப் பிதுக்கத்தை அறுவையின்றியே குறைக்கிறது. செவித்திறன் குறைவதும் ரத்தச் சர்க்கரை ஏறுவதும் அதன் பக்கவிளைவுகள். விலையோ எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம்.

நோய் தணிந்தபின் செய்யும் அறுவைகளுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் கண்குழியை விரிவாக்குவது, பிறகு இரட்டைப் பார்வைக்குத் தசையைச் சரிசெய்வது, கடைசியில் இமை. அடித்தசையைத் தளர்த்தினால் கீழிமை மேலும் இறங்கி, கருவிழி இன்னும் வெளிப்படக்கூடும் என்பதால்தான் இமை கடைசிக்குத் தள்ளப்படுகிறது. கருவிழி புண்ணாகி உடையும் நிலை வந்தாலோ, பார்வை நரம்பு நெரிபட்டாலோ, இந்தக் காத்திருப்பெல்லாம் பொருந்தாது. கண்வலி, வெளிச்சத்தில் கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, நிறங்கள் மங்குதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல் அன்றைக்கே மலையிறங்கிவிட வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.