பாப்பாவுக்கு எந்தச் சட்டக் கல்லூரி: அரூரிலிருந்து மே மாத நாட்குறிப்பு

மே 8, 2025, வியாழன்

நாளைக்கு வரும் என்று சொல்லியிருந்த பிளஸ் டூ ரிசல்ட் இன்றே வந்துவிட்டது. என் மகள் பாப்பா 600-க்கு 548. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே என் கடையில் ஒரு செட்டில்மென்ட் பத்திரம் பாதி அடித்துக்கொண்டிருந்தேன். போனில் அவள் மார்க்கைச் சொன்னதும் எனக்கு அடுத்த வரி ஓடவில்லை. பத்திரம் எழுத வந்த பெரியவரே எழுந்து போய்க் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து கையில் திணித்தார்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: அடுத்து என்ன? பாப்பா பத்தாவதிலிருந்தே சட்டம் என்கிறாள். அதற்குக் காரணம் என் கடைதான்.

இரண்டு வருடம் முன்னால், இதே மாதிரி ஒரு கோடை விடுமுறை. தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து ஒரு ஆயா மூலப்பத்திரங்களை மஞ்சள் பையில் சுருட்டி எடுத்து வந்திருந்தார். 1968-ல் கையால் எழுதிய பத்திரம், மடிப்பில் எல்லாம் எழுத்து அழிந்திருந்தது. பாப்பா படித்துச் சொல்ல, நான் அடித்துக்கொண்டிருந்தேன். செக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லை விவரம், வந்ததும் நிறுத்தினாள். "ப்பா, இதுல வண்டிப்பாதைக்கு மேற்கேன்னு இருக்கு. தொண்ணூத்தி நாலு பத்திரத்துல வண்டிப்பாதைக்குக் கிழக்கேன்னு இருக்கு. எது சரி?" அந்தப் பாதைக்காக ஆயா பங்காளிகளோடு பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார். ஒரு சொல் இடம் மாறியதில் வந்த சண்டை. பிழைதிருத்தல் பத்திரம் போட்டு முடித்தோம். போகும்போது ஆயா இவள் கன்னத்தைத் தடவி, "நீ வக்கீலுக்குப் படி சாமி" என்றார். இவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

மே 11, ஞாயிறு

ஓசூரிலிருந்து மச்சான் வந்தார், ஒரு கூடை மல்கோவாவோடு. பெங்களூரில் தனியார் கல்லூரியில் சேர்த்துவிடலாம் என்கிறார். "எங்க வீட்லயே தங்கிக்கட்டும் மாமா, நான் பாத்துக்கறேன்." மனதார சொன்னது. ஆனால் அவர் விசாரித்து வைத்திருந்த ஃபீஸ் ஐந்து வருடத்துக்கு என்று கூட்டிப்பார்த்தால், எங்களுக்கு இருக்கிற ஒரு ஏக்கர் மேட்டு நிலத்தை எழுதிக் கொடுத்தாலும் கட்டவேண்டிய பாக்கி நிற்கும்.

மதியம் தெரியாத நம்பரிலிருந்து ஒருவர் பேசினார். பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்லூரியாம். வகுப்புக்கே வரவேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், பட்டம் கையில் என்றார். இருபதாயிரம் அட்வான்ஸ் அனுப்பச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுபது சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம் என்பது சட்டப் படிப்பையும் வக்கீல் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி. அஞ்சல் வழியில் வாங்கும் சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவே செய்ய முடியாது. இது தெரியாமல் எத்தனை பிள்ளைகளின் அப்பா அம்மா அட்வான்ஸ் அனுப்பியிருப்பார்கள்? எந்தக் கல்லூரி என்றாலும் முதலில் பார் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

மே 14, புதன்

பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பாசிரியரைப் பார்த்தோம். மாற்றுச் சான்றிதழ் விஷயமாகத்தான் போனது. டீச்சர் சொன்ன ஒரு விவரத்தில் கணக்கே மாறிவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு மருத்துவத்துக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். 2021-ல் கொண்டுவந்த சட்டத்தில் பொறியியல், வேளாண்மையோடு சட்டப் படிப்பும் இருக்கிறதாம். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தனி.

ஏழு வருடமும் அரசுப் பள்ளிதான் என்பதற்குத் தலைமையாசிரியரிடம் சான்று கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இப்போது முன்னால் இருப்பது மூன்று வழி. ஒன்று, தர்மபுரி அரசு சட்டக் கல்லூரி. இரண்டு, சென்னை பெருங்குடியில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி. இந்த இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். மூன்றாவது, ஒரு வருடம் வீட்டிலிருந்து படித்து டிசம்பரில் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதித் திருச்சியிலோ பெங்களூரிலோ தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர்வது.

மே 17, சனி

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தர்மபுரி போனேன். சுமார் நாற்பது கிலோமீட்டர். எங்கள் மாவட்டத்துக்கு அரசு சட்டக் கல்லூரி 2017-ல்தான் வந்தது, விழுப்புரம், ராமநாதபுரத்தோடு சேர்த்து. சேலம், நாமக்கல், தேனிக்கு 2019-ல். அதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண் சட்டம் படிக்கவேண்டும் என்றால் பெட்டி படுக்கையோடு கிளம்பவேண்டும். அதனாலேயே படிக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

பென்னாகரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிக்கிற மூன்றாம் வருட மாணவி ஒருத்தியைத் தெரிந்தவர் மூலம் பார்த்தோம். வகுப்பு முடிந்து ஒரு வக்கீல் அலுவலகத்துக்குப் போகிறாளாம். வக்காலத்து நிரப்புவது, வாய்தா தேதி குறிப்பது, வழக்குக் கட்டு எடுத்து வைப்பது எல்லாம் அவள் வேலை. "புத்தகத்துல படிச்சது அங்க போனாத்தான் அங்கிள் புரியுது" என்றாள். பட்டத்தைக் கொடுப்பது சென்னையிலுள்ள அதே அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம்தான் என்பதையும் அவள்தான் அழுத்திச் சொன்னாள். பெருங்குடியில் அது ஆனர்ஸ் பட்டம், அவ்வளவுதான். எங்கே படித்தாலும் கடைசியில் அதே பார் கவுன்சிலில் பதிவு, அதே அகில இந்திய பார் தேர்வு.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. திரும்பும்போது ஏழு மணி பஸ் எது, எட்டு மணி பஸ் எது என்று நடத்துநரிடம் விசாரித்துக்கொண்டே வந்தேன். பாப்பா ஜன்னலோரம் பேசாமல் வந்தாள்.

இரவு சாப்பாட்டில் அவள் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். களியைக் கிண்டி உருட்டிக்கொண்டே கேட்டவள், "நீங்க காலேஜைப் பாக்கல. பஸ் ரூட்டைத்தான் பாத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

தூக்கம் வரவில்லை. அவள் சொன்னது சரி. நான் பயத்தை வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறேன்.

மே 20, செவ்வாய்

சாயங்காலச் செய்தியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று. சிவில் நீதிபதி தேர்வு எழுத இனி குறைந்தது மூன்று வருடம் வக்கீலாகத் தொழில் செய்திருக்கவேண்டும். படித்து முடித்த கையோடு எழுதும் வழி அடைபட்டது. பாப்பா, படிப்பு முடிந்ததும் டிஎன்பிஎஸ்சி நடத்தும் அந்தத் தேர்வை எழுதுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். ஐந்து வருடம், மூன்று வருடம் என்று விரல்விட்டுக் கூட்டினாள். அப்புறம், "நல்லதுதான்ப்பா. கோர்ட்ல நிக்காம நீதிபதி ஆனா எப்படி?" என்றாள். அவள் வருத்தப்படுவாள் என்று நான் பயந்திருந்தேன்.

இதில் எங்கள் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. எந்தக் கல்லூரி நல்ல பெயர் என்பதை விட, படிக்கும்போதே எங்கே அதிகம் கோர்ட்டைப் பார்ப்பாள் என்பது முக்கியமாகிவிட்டது.

மே 22, வியாழன்

மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. அதனால் எங்கள் ஊரின் மூத்த பெண் வக்கீல் ஒருவர் வீட்டிலேயே கிடைத்தார். என் பத்திரங்களை முப்பது வருடமாகப் பார்க்கிறவர். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்.

முதலில் பாப்பாவிடம், "உனக்கு எது பயம்?" என்று கேட்டார். "இங்கிலீஷ், மேடம்" என்றாள் அவள். தமிழ்வழியில் படித்த பிள்ளை. வக்கீலம்மா எழுந்து போய் இரண்டு கட்டுகளை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். ஒன்று இங்கே நடந்த வழக்கு. புகார், சாட்சி வாக்குமூலம், குறுக்கு விசாரணை, தீர்ப்பு, எல்லாம் தமிழ். இன்னொன்று அதே வழக்கின் மேல்முறையீட்டுக் கட்டு, உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அத்தனையும் ஆங்கிலம். உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் என்று சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 348-வது பிரிவு இருக்கிறவரை அது அப்படித்தான் என்றார். தமிழ்க் கட்டில் ஒரு சாட்சி, "ராவுல நாய் கொலைச்சது, எழுந்து பாத்தேன்" என்று சொல்லியிருந்தார். ஆங்கிலக் கட்டில் அதே வரியைத் தேடி எடுத்து விரலை வைத்துக் காட்டினார். நாயைக் காணோம். ஆள் எழுந்ததற்குக் காரணமே மொழிபெயர்ப்பில் விழுந்துவிட்டது. "உன்னை மாதிரி பிள்ளைங்க ரெண்டு கட்டையும் படிக்கணும். அதுக்குத்தான் ஆளில்லை."

அப்புறம் வாச்சாத்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் அரூர் வட்டத்துக் கிராமம். 1992 ஜூன் 20-ல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே போனார்கள். சந்தனமரக் கடத்தல் என்று சொல்லி வீடுகளைச் சூறையாடினார்கள், அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். சிபிஐ விசாரணைக்கு உத்தரவு வரவே 1995 ஆனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29-ல். அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் கிராமத்துக்கே நேரில் வந்து பார்த்தார். 2023-ல், அதே செப்டம்பர் 29-ல், தண்டனையை உறுதி செய்தார்.

தொண்ணூற்றிரண்டில் நான் இளவட்டம். அரூரில் எல்லோரும் குசுகுசுவென்று பேசியது ஞாபகம் இருக்கிறது. சத்தமாகப் பேச எங்களுக்குத் தைரியம் இல்லை. சத்தமாகச் சொன்னவர்கள் அந்தப் பெண்கள்தான். நீதிமன்றத்தில் நின்று, தமிழில், பெயர் சொல்லி, ஆள் காட்டிச் சொன்னார்கள்.

பாப்பா தேதிகளை நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தாள். "முப்பத்தொரு வருஷம், ப்பா." வேறு எதுவும் சொல்லவில்லை.

கிளம்பும்போது வக்கீலம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, இங்க கத்துக்கவேண்டியதை அவ எப்ப வந்தாலும் நான் கத்துக் கொடுப்பேன். ஹைகோர்ட்டை என்னால இங்க கொண்டுவர முடியாது" என்றார்.

மே 24, சனி

கிளாட் கேள்வித்தாள் ஒன்றை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தப்புக்குக் கால் மார்க் போகும், முழுக்க ஆங்கிலம். நேரம் முடியும்போது 71-வது கேள்வியில் இருந்தாள். எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது. ஒரு வருடம் உட்கார்ந்து படித்தால் பிடித்துவிடுவாள், சந்தேகமே இல்லை. திருச்சியில் 2013-ல் வகுப்புகள் தொடங்கிய பல்கலைக்கழகம் நம் மாநிலத்துடையதுதான், படிப்பும் நல்ல படிப்பு. ஆனால் கட்டணம் வருடத்துக்கே லட்சக்கணக்கில். கோச்சிங் செலவு தனி. கிளாட் விண்ணப்பக் கட்டணமே 4,000.

"ஒரு வருஷம் சும்மா இருக்கமாட்டேன்ப்பா" என்று அவளே முடித்துவிட்டாள். ஃபீஸை நினைத்துச் சொல்கிறாளோ என்று அவள் அம்மா தனியாகக் கேட்டாள். இல்லையாம்.

மே 25, ஞாயிறு

நால்வரும் உட்கார்ந்தோம், என் அம்மாவும் சேர்த்து. பெருங்குடி முதலில், தர்மபுரி இரண்டாவது. பெருங்குடியில் இடம் கிடைத்தால் விடுதி. ஐந்து வருடப் படிப்பில் இருபது வாரம் இன்டர்ன்ஷிப் பார் கவுன்சில் விதிப்படி கட்டாயம். அதில் பாதியைச் சென்னை உயர் நீதிமன்றத்திலும், பாதியை இங்கே வக்கீலம்மாவிடம் அரூரிலும் செய்கிறேன் என்கிறாள். கிடைக்காவிட்டால் தர்மபுரி, அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அதை முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன்.

சென்னை என்றதும் அம்மாவுக்குக் கண் கலங்கியது. "அவ்ளோ தூரமா?" மொரப்பூரில் ரயில் ஏறினால் போய்விடலாம் ஆயா என்று பாப்பா அவர் மடியில் சாய்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

பதிவுச் செலவைப் பற்றியும் ஒரு பயம் இருந்தது. பார் கவுன்சிலில் பதிவு செய்யப் பல ஆயிரம் ஆகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. ஐந்து வருடம் கழித்து வரப்போகும் செலவு. இருந்தாலும் குறித்து வைத்துக்கொண்டேன்.

மே 28, புதன்

கடையைப் பன்னிரண்டு மணிக்கே அடைத்துவிட்டு விண்ணப்பம் போட்டோம். பெருங்குடிக்குத் தனி விண்ணப்பம், அரசு கல்லூரிகளுக்குத் தனி. மார்க் ஷீட், சாதிச் சான்று, அரசுப் பள்ளிச் சான்று, போட்டோ, கையெழுத்து. இத்தனை வருடம் ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கைதான், ஆனால் மவுஸை அவளே பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று படித்தேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'பத்திர எழுத்தர்' என்று அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

சமர்ப்பி என்று அழுத்துவதற்கு முன்னால், முதல் பக்கத்திலிருந்து ஒரு தடவை திரும்பப் படித்தாள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பதிவெண். பதிவெண்ணில் ஒரு எண் இடம் மாறியிருந்தது. திருத்தினாள்.

இரண்டு ரசீதையும் பிரிண்ட் எடுத்து, எங்கள் நிலத்துப் பத்திரம் இருக்கிற நீல ஃபைலில் வைத்திருக்கிறேன். அவள் அம்மா நாளைக்குத் தர்மபுரி போய் ஒரு பெட்டி பார்க்கவேண்டும் என்கிறாள். தரவரிசை வரட்டும் என்றேன். கேட்கமாட்டாள்.