எரியுது சிஸ்டர்

மார்பகப் புற்றுநோய்க்கு எனக்கு நாலு கீமோ, 21 நாளுக்கு ஒன்று. வினை வந்தது இரண்டாவதில். அதில் ஏற்றும் டாக்ஸோரூபிசின் மருந்து ரத்தச் சிவப்பாக இருக்கும். வார்டில் எங்களுக்கு அது "சிவப்பு மருந்து". சிஸ்டர் சிரிஞ்சில் மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தார். வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றக் கையில் செருகும் ஊசிக்குழாய், போட்ட இடம் காந்தியது. கீமோ என்றால் எரியத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். புறங்கை உப்புவதை அவரே பார்த்துவிட்டு, "ஏன்க்கா சொல்லலை?" என்றார்.

மருந்து நரம்பை விட்டுக் கசிந்திருந்தது. ஊசியை உடனே உருவவில்லை. அதே ஊசி வழியாக, வந்த மட்டும் மருந்தைத் திரும்ப உறிஞ்சிவிட்டுத்தான் எடுத்தார். வீக்கத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு. கை தலையணை மேல். 20 நிமிடம் ஐஸ், தினம் நாலு வேளை.

இதற்கென்றே டெக்ஸ்ராசாக்ஸேன் என்று ஒரு மருந்து உண்டு. 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து மூன்று நாள் ஏற்ற வேண்டும். அங்கே இருப்பில் இல்லை. என் மகள் கடை கடையாக அலைந்ததில் நேரம் கடந்துவிட்டது. "உங்களுக்குக் கூடவே சொட்டுற சைக்ளோஃபாஸ்ஃபமைடு கடுகு வாயுவோட பேத்திம்மா" என்று அவள் சொன்னது அன்றிரவுதான். முதல் உலகப்போரில் உடம்பெல்லாம் கொப்புளம் கிளப்பிய அந்த வாயு வெள்ளணுக்களையும் அழித்ததாம்; அந்தக் குடும்பத்து நைட்ரஜன் மஸ்டர்டை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் புற்றுநோயாளிக்கு ஏற்றினார்களாம். கடுகு வாயுவுக்கு இன்றுவரை மாற்று மருந்தே கிடையாது. எனக்கு இருந்தது, கைக்கு வரவில்லை.

ஆகவே டிஎம்எஸ்ஓ என்ற தடவும் திரவம். எட்டு மணிக்கொரு தரம் தடவி, மூடாமல் காயவிட வேண்டும். அதைத் தடவினால் வாயெல்லாம் பூண்டு நாற்றம். "ரசத்துல பூண்டே தட்டிப் போடலையே" என்று குழம்பிய மாமியார், உப்பைத் துணியில் கட்டிச் சூடு காட்டி ஒத்தடத்துக்கு வந்துவிட்டார். தடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. சூடு கசிந்த சிவப்பு மருந்தைப் பரப்பிவிடும். வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து கசிந்திருந்தால் சூடுதான் வைப்பார்களாம், அது வேறு கதை.

ஐந்தாம் நாள் கொப்புளம். பிறகு ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கறுத்தது. புண் வாரக்கணக்கில் உள்ளே இறங்கும், தேவைப்பட்டால் வெட்டித் தோல் ஒட்டலாம் என்றார் பிளாஸ்டிக் சர்ஜன். கட்டு மாற்றி மாற்றி ஒன்பதாம் வாரம் மூடிக்கொண்டது.

அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த இடது பக்கம் கையில் ஊசி கூடாது, வலது கை இப்படி. மூன்றாவது கீமோவை ஒரு வாரம் தள்ளி, நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட், அதாவது மருந்து ஏற்றும் சின்ன வாயில், வைத்தார்கள். அன்று சிஸ்டர் பஞ்சால் துடைத்ததுமே, "எரியுது சிஸ்டர்!" என்று கத்தினேன்.

"ஸ்பிரிட்டுக்கா. இன்னும் ஊசியே குத்தலை."