ஆடி நாட்குறிப்பு

ஜூலை 19
ராத்திரி போன் அதிர்ந்தது. அப்பா இருக்கும் ஆஸ்பத்திரிதான் என்று பதறி எழுந்தேன். மெயில். எங்கோ தானாக ஓடும் ஒரு பாட் புரோகிராம், எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெடரில் நம் ஆர்டர் தளத்தின் டொமைனுக்குப் பதில் வெறும் ஐபி எண்ணைப் போட்டு ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறது. தளத்தை ஓட்டும் ஜாங்கோ ஃப்ரேம்வொர்க் 400, அதாவது தவறான ரிக்வெஸ்ட், என்று சொல்லித் திருப்பிவிட்டது. அட்மினுக்கு ஒரு மெயிலும் போடுகிறது, ஒவ்வொரு தடவையும்.

ஜூலை 20
வென்டிலேட்டர் இன்னும் எடுக்கவில்லை. அண்ணன் அங்கேயே படுத்துக்கொண்டார்.

ஜூலை 21
பெருமாநல்லூர் தையல் யூனிட் அக்கா கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, பிரேக்கப் ஏத்துனா வெள்ளைப் பக்கந்தான் வருதுங்க. பேட் ரிக்வெஸ்ட்னு ஒரே வரி. நான் என்ன தப்புங்க பண்ணுனேன்?"

பிரேக்கப் என்பது கலர், சைஸ் வாரியான எண்ணிக்கை. அக்காவுடையதில் 30 கலர், 7 சைஸ். ஒவ்வொன்றுக்கும் ஆர்டர், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என ஃபார்மில் நிரப்ப 5 கட்டம். 1050 ஆகிறது. ஜாங்கோ ஒரு ரிக்வெஸ்டில் 1000 வரைதான் விடும். 2016இல் 1.10 பதிப்பில் வந்த கட்டுப்பாடு, கட்டங்களை அள்ளிக் கொட்டி சர்வரை முடக்க வருபவர்களுக்குப் போட்ட வேலி. வேண்டியதுதான். ஆனால் அக்கா அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஃபார்ம் நம் தளத்திலிருந்துதான் வந்ததா என்று முன்னாலேயே சோதிக்கும் சிஎஸ்ஆர்எஃப் மிடில்வேர் அதைப் பிரிக்கும்போதே எல்லாம் முடிந்துவிடுகிறது. நாம் எழுதிய கோடான வியூவுக்கு ரிக்வெஸ்ட் வருவதே இல்லை, அப்புறம் எங்கிருந்து பிழைச் செய்தி காட்டுவது?

ஜூலை 22
எல்லையையே எடுத்துவிடலாம் என்கிறார் மேனேஜர். கூடாது. 2000 ஆக்கினால் போதும்.

சர்வர் தரும் பதில் எண் 500 என்றால் தவறு நம் பக்கம், 400 என்றால் அனுப்பியவர் பக்கம். சரி, அனுப்பியவர் பக்கம் என்று சொல்கிறவன் எதைத் திருத்துவது என்றும் சொல்ல வேண்டாமா? டாக்டர் இன்று "நம்பர் சரியில்லைங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். எந்த நம்பர்? எவ்வளவு இருக்க வேண்டும்?

ஜூலை 23
ஹோஸ்ட் மெயிலை மட்டும் நிறுத்தினேன். அதைப் பதியும் லாகரை, வருவதைத் தூக்கிப் போட்டுவிடும் நல் ஹேண்ட்லருக்குத் திருப்பியாயிற்று. மற்ற சந்தேக ரிக்வெஸ்டுகளுக்கு மெயில் வரட்டும்.

ஜூலை 24
நல்ல காற்று. கரண்ட் இல்லை.

ஜூலை 26
குழாயை எடுத்துவிட்டார்கள்! அப்பா கையை அழுத்தினார்.

சாயங்காலம் 400க்கென்று தனிப் பக்கம் எழுதினேன். ஜாங்கோ எழுப்பிய பிழை (எக்செப்ஷன்) எந்த வகை என்று பார்த்து, கட்டம் அதிகம் என்றால் "கலர் வாரியாகப் பிரித்து ஏற்றுங்க" என்று காட்டும். ஸ்டேட்டஸ் 400ஆகவே போகிறது. பக்கம் அழகாக இருக்கிறதென்று, எல்லாம் சரி என்று சொல்லும் 200 அனுப்பினால் அது பொய்.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அதெல்லாம் சரிங்க, அதுவரைக்கும் அடிச்சதெல்லாம் போயிருமுங்களா?"

போய்விடும். கலருக்கு ஒரு சேவ் பட்டன் வைக்க வேண்டும். நாளைக்கு.