10×6 போடலாமா, 11×5 போடலாமா?

மாடல் விமானத்தின் புரொப்பெல்லரில் 10×6 என்றிருந்தால் விட்டம் 10 அங்குலம், பிட்ச் (ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்) 6 அங்குலம். .46 (கன அங்குலம்) க்ளோ பிளக் இன்ஜின் போட்ட ட்ரெய்னருக்கு, அதாவது பழகும் விமானத்துக்கு, 11×5 நிதானமாக ஏறும், மெதுவாக இறங்கும். வேகம் வேண்டுமென்றால் 10×6. விட்டத்தில் ஓர் அங்குலம் குறைத்துப் பிட்ச்சில் ஒன்று கூட்டினால் இன்ஜினின் சுமை பெரிதாக மாறாது.

எலக்ட்ரிக்கில்தான் வம்பு. 1000 கேவி (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு 1000 சுற்று) மோட்டார், 3 செல் லிப்போ பேட்டரியோடு, ஏபிசி கம்பெனியின் 10×4.7 ‘ஸ்லோ ஃப்ளையர்’ ரகப் புரொப்பெல்லரைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறார்கள். அந்த ரகத்துக்கு ஏபிசி சொல்லும் உச்சவரம்பு, 65,000-ஐ அங்குல விட்டத்தால் வகுத்தால் வருவது: நிமிடத்துக்கு 6,500 சுற்று (ஆர்பிஎம்). முழு த்ராட்டிலில் இந்த மோட்டார் அதைச் சுலபமாகத் தாண்டும். இலை பிய்த்துக்கொண்டு போகலாம். அதே கம்பெனியின் ‘தின் எலக்ட்ரிக்’ ரகத்தில் 9×6 போடுங்கள். வாட் மீட்டரில் ஆம்பியரையும் பாருங்கள், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி தாங்க வேண்டுமே. சோதிக்கும்போது விமானத்துக்குப் பின்னால் நில்லுங்கள், பக்கவாட்டில் வேண்டாம்.

புரொப்பெல்லரின் நடுவை மூடும் கூம்பான ஸ்பின்னரின் விட்டம் விமானத்தின் மூக்கு வளையத்துக்குச் சமமாக இருக்கட்டும். இலைக்காகக் கூம்பில் உள்ள வெட்டு இலையைத் தொடவே கூடாது. சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். உரசிய இடத்தில்தான் விரிசல் பிறக்கும். இடம் போதவில்லையென்றால் கூம்பை அரம் போட்டுத் தேய்க்கலாம், இலையை ஒருபோதும் அல்ல. புரொப்பெல்லரின் நடுத்துளையைப் பெரிதாக்க, துளையைச் சீராகச் சுரண்டும் ரீமர்தான்; கையால் டிரில் பிடித்தால் மையம் விலகும், பிறகு எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் அதிரும்.