டெக்சாஸில் டி.எஸ்.ஐ. எழுதினேன்: தமிழ் வழியில் படித்த ஒருத்தியின் அனுபவம்

விருதுநகர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து 19 வருடம் கழித்து, டெக்சாஸில் மறுபடி படிக்கக் கிளம்பினேன். நர்சிங் படிக்க வேண்டும் என்பது பழைய ஆசை. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) விண்ணப்பம் போட்டதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "டி.எஸ்.ஐ. எழுதிவிட்டீர்களா?"

டி.எஸ்.ஐ. (டெக்சாஸ் சக்சஸ் இனிஷியேட்டிவ்) என்பது கணக்கிலும் ஆங்கிலத்திலும் நாம் கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று அந்த மாநிலம் பார்க்கும் தேர்வு. எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு மாதிரி வேறு தேர்வில் போதுமான மதிப்பெண் இருந்தால் விலக்கு உண்டு. எனக்கு இல்லை. இப்போது நடப்பது 2021 ஜனவரியில் வந்த இரண்டாம் வடிவம். மதிப்பெண் 910இலிருந்து 990 வரை. கணக்கில் 950 வேண்டும். ஆங்கிலத்தில் 945, அதோடு கட்டுரையில் 8க்கு 5. இவை வந்துவிட்டால் நேராகக் கல்லூரிப் பாடத்தில் உட்காரலாம். வராவிட்டாலும் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் பாடத்தோடு ஒரு துணை வகுப்பும் எடுக்கச் சொல்வார்கள். அதற்குத் தனிக் கட்டணம், தனி நேரம்.

"பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது, படிக்காமலே வரலாம்" என்று என்னிடம் பலர் சொன்னார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு படிக்க வருபவளுக்கு ஒரு துணை வகுப்பு என்பது வாரத்தில் இரண்டு மாலை. தயவுசெய்து படித்துவிட்டுப் போங்கள்.

எனக்குக் கணக்கு தெரியும், கணக்கின் ஆங்கிலம்தான் தெரியாது. அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் சாய்வு, வலது பக்கம் ஸ்லோப். நிகழ்தகவு, ப்ராபபிலிட்டி. இடைநிலை அளவு, மீடியன். முப்பது நாற்பது சொற்கள் சேர்ந்ததும் பாதிக் கேள்விகள் பத்தாம் வகுப்பில் போட்டவைதான் என்று புரிந்தது. இந்தத் தேர்வைத் தயாரிக்கும் காலேஜ் போர்டு அமைப்பின் இலவசப் பயிற்சித் தேர்வுகளைப் போட்டுப் பார்த்தேன். உண்மையான தேர்வுக்கு முன், ப்ரீ அசெஸ்மென்ட் ஆக்டிவிட்டி என்று ஒரு அறிமுகப் பயிற்சியை முடித்தாக வேண்டும். அதை முடிக்காமல் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

தேர்வு அறையில் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. சில கேள்விகளுக்கு மட்டும் திரையிலேயே ஒன்று வரும். மற்றவற்றுக்கு வாய்ப்பாடுதான் கைகொடுத்தது. நேரக் கட்டுப்பாடு இல்லை. நம் பள்ளிப் பழக்கம் ஒன்று மட்டும் இங்கே ஆகாது: "தெரிந்ததை முதலில் எழுது, தெரியாததைக் கடைசியில் பார்த்துக்கொள்." நீங்கள் தரும் பதிலை வைத்துத்தான் அடுத்த கேள்வி வருகிறது. தாண்டவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஒவ்வொன்றையும் அங்கேயே முடித்துவிட்டு நகர வேண்டும். கணக்கில் 20 கேள்வி. 950க்குக் குறைந்தால் உடனே இன்னொரு 48 கேள்விகள் திறக்கும் என்று தெரிந்திருந்ததால் அவசரப்படவே இல்லை. 953 வந்தது.

ஆங்கிலத்தில் 948. கட்டுரையில் 4. அழுகையே வந்துவிட்டது.

என்ன தவறு என்று யோசித்தேன். முன்னுரை, நன்மைகள், தீமைகள், முடிவுரை என்று இரண்டு பக்கத்துக்கும் சமமாக எழுதியிருந்தேன். பள்ளியில் அதற்குத்தான் மதிப்பெண் தந்தார்கள். இங்கே கேட்பது உங்கள் கருத்து. ஒரு பக்கம் நின்று, அது ஏன் என்று காரணமும் உதாரணமும் தர வேண்டும். நூலகத்தில் இலவசமாகச் சொல்லித்தரும் ஒரு அம்மாவிடம் மூன்று வாரம் போனேன். தினம் ஒரு கட்டுரை, 350 சொல்லுக்குக் குறையாமல், கம்ப்யூட்டரிலேயே தட்டச்சு செய்தேன். என் முதல் கட்டுரையைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "சரி, நீ என்னதான் நினைக்கிறாய்?"

இரண்டாவது முறை தலைப்பைப் பார்த்ததும் அந்தக் கேள்விக்குத்தான் முதல் வரியில் பதில் எழுதினேன். ஆங்கிலத்தில் 951, கட்டுரையில் 5. இந்த மதிப்பெண்கள் 5 வருடம் செல்லும் என்றார்கள். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. அன்றைக்கே கல்லூரியின் முதல் ஆங்கிலப் பாடமான இங்கிலீஷ் 1301, செவ்வாய், வியாழன் மாலை வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.