திஹுவானா சீசர்ஸ்: மேசையருகே கலக்கும் சாலட்

அமெரிக்காவின் சான் டியேகோவிலிருந்து எல்லை தாண்டி மெக்சிகோவின் திஹுவானா போகிறவர்கள் பலர் அவெனிதா ரெவொலூசியோனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே சாலையில் நான்காம், ஐந்தாம் தெருக்களுக்கு நடுவே இருக்கும் சீசர்ஸ் உணவகத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். சீசர் சாலட்டின் பிறப்பிடம் இதுதான்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. குடிக்கவும் குதிரைப் பந்தயம் பார்க்கவும் கலிபோர்னியாக்காரர்கள் இந்த ஊருக்குத் திரண்டு வந்தார்கள். இத்தாலியில் பிறந்த சீசர் கார்தினி அவர்களுக்காக உணவகம் நடத்தினார். 1924 ஜூலை 4 கூட்டத்தில் சாமான் தீர்ந்துபோக, மிச்சமிருந்ததை வைத்துக் கலந்ததுதான் இந்த சாலட் என்று அவர் மகள் சொன்னார். கார்தினியின் சகோதரர் அலெக்ஸுக்குத்தான் அந்தப் பெருமை என்பவர்களும் உண்டு.

2008 வாக்கில் போதைக் கும்பல்களின் வன்முறையும் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டன. 2009-ல் பன்றிக் காய்ச்சல் பயம் வேறு. சுற்றுலாவை நம்பியிருந்த தெருவே வெறிச்சோடியது, சீசர்ஸும் மூடப்பட்டது. உள்ளூரில் பல உணவகங்கள் நடத்திவந்த பிளாசென்சியா குடும்பம் 2010-ல் அதை எடுத்துத் திறந்தது. கருமரப் பலகைகளும் நீளமான பாரும் பழைய படங்களும் அந்தக் காலத்தை நினைவூட்டுகின்றன. எல்லாவற்றையும்விட நல்ல முடிவு, சாலட்டைச் சமையலறைக்குள் தள்ளிவிடாமல் தள்ளுவண்டியில் மேசைக்கே கொண்டுவருவது.

உட்காரும்போதே வண்டி பக்கத்தில் வந்து நிற்கும்படியான மேசையைக் கேளுங்கள். பெரிய மரக் கிண்ணத்தில் நெத்திலி, பூண்டு, டிஜோன் கடுகு விழுது, மிளகு, முட்டை மஞ்சள் கரு, வூஸ்டர் சாஸ், எலுமிச்சைச் சாறு, பார்மிசான் சீஸ் எல்லாம் சேரும். ஆலிவ் எண்ணெய் நூல்போல இறங்க, சர்வரின் கை நிற்காமல் கிளறிக்கொண்டே இருக்கும். கலவை வெளுத்துக் கெட்டியாகி, கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழியும் கட்டத்தைக் கவனியுங்கள். அதன் பிறகுதான் ரோமெயின் (நீள இலை லெட்யூஸ்) இலைகள், நறுக்காமல் முழுசாக. கார்தினி காலத்தில் காம்பைப் பிடித்துக் கையால் சாப்பிட்டார்கள். இன்றும் அதுவே சரி.

சைவர்கள் கவனிக்க வேண்டும்: இது சைவ உணவு அல்ல. நெத்திலியைத் தவிர்த்தாலும் வூஸ்டர் சாஸில் நெத்திலி உண்டு, அசல் பார்மிசானில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலை உறையவைக்கும் ரென்னெட் உண்டு. ‘சின் ஆன்ச்சோவாஸ், சின் சால்சா இங்லேசா’ (நெத்திலி வேண்டாம், வூஸ்டர் சாஸ் வேண்டாம்) என்று ஸ்பானிஷில் சொன்னால் முதல் இரண்டையும் விட்டுவிடலாம். வேகாத மஞ்சள் கரு என்பதால் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது.

வீட்டில் இருவருக்குச் செய்ய: எண்ணெயில் போட்ட நெத்திலி 4, பூண்டு 1 பல், கடுகு விழுது 1 டீஸ்பூன், மஞ்சள் கரு 1, எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், வூஸ்டர் சாஸ் சில சொட்டு, ஆலிவ் எண்ணெய் 80 மில்லி, துருவிய பார்மிசான் 3 டேபிள்ஸ்பூன். எண்ணெயை ஒரேயடியாகக் கொட்டினால் கலவை திரிந்துபோகும். மஞ்சள் கரு ஒரு நேரத்தில் கொஞ்சம் எண்ணெயைத்தான் பிடித்துக்கொள்ளும். திரிந்துவிட்டால் இன்னொரு கிண்ணத்தில் புது மஞ்சள் கருவைப் போட்டு, திரிந்ததைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மீட்கலாம். இலையில் ஈரம் இருந்தால் கலவை ஒட்டாமல் வழிந்து அடியில் தங்கும். கழுவித் துணியில் ஒற்றி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பு போடவே வேண்டாம், நெத்திலியிலும் சீஸிலும் இருப்பதே போதும். மெக்சிகோவில் புழங்கும் சிறிய பச்சை எலுமிச்சையும் நம்மூர் எலுமிச்சையும் ஒரே இனம், ஆகவே பெரிய மஞ்சள் லெமனைத் தேடி அலைய வேண்டாம்.

பாரில் பக்கத்து குவாதலூப்பே பள்ளத்தாக்கின் ஒயினைக் கேட்டுப் பாருங்கள். பில்லை மெக்சிகோ நாணயமான பெசோவில் கட்டுங்கள். டாலர் கொடுத்தால் மாற்று விகிதத்தில் நஷ்டம். டிப்ஸ் 10 முதல் 15 சதவீதம்.

சான் டியேகோவிலிருந்து புளூ லைன் டிராலி ரயிலில் எல்லையோரம் இருக்கும் சான் இசித்ரோ வந்து, நடந்தே எல்லை கடக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு, செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. சனி, ஞாயிறு மாலைகளில் திரும்பும் வரிசை மணிக்கணக்கில் நீளும். வார நாளில், மதிய உணவுக் கூட்டம் கலைந்த பிறகு போனால் சாலட் கலப்பவரிடம் நின்று நாலு கேள்வி கேட்கவும் முடியும்.