துளை போட்ட சிப்பிகள்

பிப்ரவரி 3

கடல் நன்றாக வற்றியிருந்தது. ஒதுங்கிக் கிடந்த சிப்பிகளைப் புரட்டிக்கொண்டே நடந்தேன். நிறைய ஓடுகளில் வட்டமாக ஒரு துளை. வெளியே அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். விளிம்பு வழவழவென்று சரிகிறது. கல்லில் மோதினால் இப்படி உடையாது. இது நாட்டிகா குடும்பத்து நத்தையின் வேலை. முட்சங்கு வகைகளும் துளைக்கும், ஆனால் அவற்றின் துளைச் சுவர் பெரும்பாலும் நேராக இறங்கும்.

பிப்ரவரி 4

இன்று ஆளையே பார்த்துவிட்டேன்! ஈர மணலில் நீளமாக ஒரு தடம், அது முடியும் இடத்தில் சின்ன மேடு. மணலை விலக்கினால் உருண்டையான, பளபளப்பான ஓடு. தேங்கிய நீரில் விட்டதும் மெல்லக் கால் வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு சதை அந்த ஓட்டுக்குள் எப்படி அடங்கியது? கடல்நீரை உள்ளே இழுத்துத்தான் காலை இப்படி உப்ப வைக்கிறது. காலின் முன்பகுதி ஏர்க்கொழு போல மணலைக் கிழித்துப் போக, தலை அதன் மடிப்புக்கடியில் பத்திரமாக இருக்கிறது. தொட்டேன். நீரை வெளியேற்றிவிட்டு உள்ளே சுருங்கி, மூடியால் வாயை அடைத்துக்கொண்டது.

பிப்ரவரி 9

பாதியில் நின்ற துளையோடு ஒரு மட்டி ஓடு கிடைத்தது. நத்தை மணலுக்குள்ளேயே இரையைத் தேடிப் பிடித்துக் காலால் சுற்றிக்கொள்ளும். அப்புறம் அமிலம் கலந்த சுரப்பால் ஓட்டை இளக்கும், நாக்குப் பற்களால் சுரண்டும், மறுபடி இளக்கும். கனத்த ஓடு என்றால் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். துளை விழுந்ததும் வாய்க்குழலை உள்ளே விட்டுச் சதையைத் தின்னும். இந்த மட்டி எப்படியோ தப்பித்திருக்கிறது. சொந்த இனத்தையும் இந்த நத்தை விட்டுவைப்பதில்லை. டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்துப் புதைபடிவ ஓடுகளிலேயே இதே மாதிரித் துளைகள் இருக்கின்றன.

பிப்ரவரி 10

காற்று பலம். எதுவும் தென்படவில்லை.

பிப்ரவரி 21

மணல் வளையங்கள் வந்துவிட்டன. கிழிந்த ரப்பர்ப் பட்டை என்று பலர் தூக்கிக் கரையில் எறிந்துவிடுகிறார்கள். உண்மையில் அது முட்டைத் தொகுதி. நத்தை தன் கோழையில் மணலைக் குழைத்து, உள்ளே முட்டைகளை வைத்து, தன்னைச் சுற்றியே வார்த்துவிடுகிறது. அதனால்தான் ஒரு பக்கம் திறந்த வளையமாக இருக்கிறது. ஈரம் இருக்கும்வரை வளையும், காய்ந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கையில் எடுத்தால் தயவுசெய்து நீரிலேயே திரும்ப வையுங்கள். பொரிக்கும்வரை அந்த ஈரம் வேண்டும்.